கடல வரையலாம் வாங்க: பாத்தது, கேட்டது, ஞாபகத்துல இருக்குறது

நான் பவளப்பாறை ஆராய்ச்சி பண்றவ. மன்னார் வளைகுடா தான் வேல பாக்குற இடம், சொந்த ஊரும் மண்டபம் பக்கம் தான். கூடவே வாட்டர்கலர்ல படம் வரைவேன். ரொம்ப வருஷம் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு தான் நெனச்சுட்டு இருந்தேன், ஆராய்ச்சி பகல்ல, படம் ராத்திரில. ஒரு தடவ ஒரு மீனவ கிராமத்துல பவளம் வெளுக்குறத பத்தி பேச கூப்பிட்டிருந்தாங்க, நானும் புரொஜெக்டர போட்டு கிராஃப் கிராஃபா காட்டிட்டு இருந்தேன், பத்து நிமிஷத்துல பாதி பேரு எந்திரிச்சு போயிட்டாங்க, அந்த நேரம் பாத்து கரண்டும் போச்சு. வேற வழியில்லாம அங்க கெடந்த சார்ட் பேப்பர்ல மார்க்கர் வெச்சு ஒரு பவளத்தோட பாலிப்ப, அதாவது பவளத்துல இருக்குற குட்டி உயிர பெருசா வரைஞ்சு, இதுக்குள்ள தான் குட்டி பாசி குடியிருக்கு, அது தான் இதுக்கு சோறு போடுதுன்னு சொன்னேன். வெளிய நின்ன ஆளுங்க ஒவ்வொருத்தரா திரும்ப வந்து பாத்தாங்க. ஒரு அக்கா "அப்ப பாசி ஓடிப்போச்சுன்னா இது பட்டினியா"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விய என்னோட கிராஃப் எதுவும் அதுவரைக்கும் வாங்கித்தரல.

அதுக்கப்புறம் காலேஜ் பிள்ளைங்க, டீச்சருங்க, டைவிங் போறவங்கன்னு நெறைய பேரு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறாங்க. அவங்களுக்கு வாயால சொன்னத தான் இங்க எழுதுறேன். வரையவே தெரியாதுன்னு சொல்றவங்க தாராளமா வரலாம், கடல் சயின்ஸ் படிச்சிருக்கணும்னும் இல்ல.

மொதல்ல ஒரு பழக்கம்: மூலையில மூணு வார்த்தையில ஒண்ணு

பெயிண்ட் பேப்பர் எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி இத மனசுல ஏத்திக்கோங்க. நீங்க வரையுற ஒவ்வொரு படத்தோட கீழ் மூலையிலயும் பென்சில்ல தேதி, இடம் எழுதணும், பக்கத்துலயே "பாத்தது" இல்ல "கேட்டது" இல்ல "ஞாபகம்"னு ஒண்ணு எழுதணும். இத மட்டும் விடாம செஞ்சீங்கன்னா உங்க படத்த அறிவியலுக்கும் வெச்சுக்கலாம், வீட்டு ஆல்பத்துக்கும் வெச்சுக்கலாம். இது இல்லாம அழகா மட்டும் இருக்குற படத்த அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்து பாத்தா எது நெசம் எது நம்மளா போட்டதுன்னு நமக்கே தெரியாது, நான் அனுபவிச்சிருக்கேன்.

பாத்ததுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1860கள்ல ரான்சோனே அப்படின்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் இலங்கைக்கு வந்து, காலி பக்கம் ஒரு டைவிங் பெல்லுக்குள்ள, அதாவது உள்ள காத்து நிக்குற மணி மாதிரி ஒரு கூட்டுக்குள்ள உக்காந்து கடலுக்கடியில எறங்கி, கண்ணால பாத்த பவளத்த அங்கயே ஸ்கெட்ச் போட்டு எடுத்துட்டு வந்தாரு. கேமராவ தண்ணிக்குள்ள கொண்டு போறதெல்லாம் பழக்கத்துக்கு வராத காலம் அது.

கேட்டதுக்கு உதாரணம் எல்ஸ் போஸ்டல்மன்னு ஒரு ஓவியர். 1930ல இருந்து 1934 வரைக்கும் பெர்முடாவுல வில்லியம் பீப்னு ஒரு விஞ்ஞானி ஒரு இரும்பு உருண்டைக்குள்ள உக்காந்து ஆழ்கடலுக்கு எறங்கினாரு, 1934ல 923 மீட்டர் வரைக்கும் போனாரு. அங்க இருட்டுல மினுங்குற மீன எல்லாம் டெலிபோன் வயர் வழியா மேல சொல்லுவாரு, மேல இருக்குறவங்க எழுதி வெப்பாங்க, அந்த குறிப்பையும் அவர் வந்து சொல்றதையும் வெச்சு தான் போஸ்டல்மன் படம் வரைஞ்சாங்க. அந்த ஆழத்துக்கு அவங்க ஒரு தடவ கூட போனதில்ல. ஆனா அந்த படங்கள் தான் உலகத்துக்கு ஆழ்கடல காட்டுச்சு. கேட்டு வரையுறது மட்டம்னு யாராவது சொன்னா இவங்கள நெனச்சுக்கோங்க, யார் சொல்லி கேட்டோம்னு எழுதி வெச்சா போதும்.

மூணாவதா ஞாபகம். அது உங்ககிட்ட மட்டும் தான் இருக்கு, அதுக்கு பின்னாடி வர்றேன்.

என்னென்ன வாங்கணும்

நெறைய வேண்டாம். 300 ஜிஎஸ்எம் கனத்துல வாட்டர்கலர் பேப்பர், ஏ5 சைஸ்ல. எச்பி பென்சில் ஒண்ணு, 2பி ஒண்ணு. 12 கலர் இருக்குற வாட்டர்கலர் கேக் டப்பா. ரவுண்டு பிரஷ் ரெண்டு, ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு கொஞ்சம் தடி. ஒரு ஸ்டீல் ஸ்கேல், பழைய காட்டன் சேலத் துணி, ரெண்டு கிளிப், ஒரு பரீட்ச அட்டை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் டப்பாவுல இருக்கான்னு பாத்து வாங்குங்க, இந்த ரெண்டையும் கலந்தா மேகத்துல இருந்து சாம்பல் கலர் மீன் முதுகு வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகும், கருப்பு பெயிண்ட்ட தொடவே தேவையில்ல. கடல் தண்ணியில பிரஷ் முக்காதீங்க, காஞ்சதும் உப்பு பூத்து பேப்பர் எப்பவும் நமத்துப்போயே இருக்கும். குடிக்கிற தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு போங்க.

தண்ணிக்குள்ள போறவங்களுக்கு ஒரு விஷயம். வெள்ள பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு வாங்கி ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சுருங்க. அந்த சொரசொரப்புல சாதா பென்சில் தண்ணிக்குள்ளயும் எழுதும். நாங்க சர்வே எடுக்குறது இதுல தான். பென்சில நூல்ல கட்டி வெச்சுக்கோங்க, இல்லன்னா மெதந்து மேல போயிடும்.

மொத மாடல்: மீன் கடை மீன்

பவளம், ஆமை, டால்பின்னு ஆரம்பிக்க எல்லாருக்கும் ஆச இருக்கும். தயவு பண்ணி வேண்டாம். சந்தையில ஒரே ஒரு சங்கராவோ விளமீனோ வாங்குங்க, வரைஞ்சு முடிச்சு கொழம்பு வெச்சுக்கலாம். ஓரா மீன் கெடச்சா முள்ளுல கை வெக்காதீங்க, குத்துனா கடுக்கும், கடைக்காரங்ககிட்டயே கேட்டு பிடிங்க.

இங்க வரிச ரொம்ப முக்கியம், எல்லாரும் தப்பு பண்றது இங்க தான். ஷேப்ப வரைஞ்சு முடிச்சுட்டு கலருக்கு போவாங்க. மீனுக்கு அப்படி செய்யக்கூடாது, செத்த மீனோட நிறம் நம்ம கண்ணு முன்னாடியே போயிட்டு இருக்கும், ஐஸ்ல கெடந்ததுன்னா கண்ணு வெளுத்துடும், அந்த மஞ்சக் கோடு, நீல மினுமினுப்பு எல்லாம் மொதல்ல போறது. அதனால மீன தட்டுல வெச்சதும் பேப்பரோட ஓரத்துல சின்னச் சின்னதா கலர் பொட்டு வைங்க, முதுகு, வயிறு, வால், கண்ணு வளையம்னு பக்கத்துல பேர் எழுதிட்டு, அப்புறம் சாவகாசமா ஷேப்புக்கு வாங்க. ஃபார்மலின்ல போட்டு மியூசியத்துல வெச்ச மீன் எல்லாம் ஏன் ஒரே பழுப்பா இருக்குன்னு கேப்பாங்க, இதான் காரணம், மருந்து உடம்ப காப்பாத்தும் நிறத்த காப்பாத்தாது.

ஷேப்புக்கு அளவு எடுக்கணும். வாய் நுனியில இருந்து வால் ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க, அப்புறம் தல மட்டும் எவ்வளவு நீளம், அது உடம்புல எத்தன தடவ போகுதுன்னு பாருங்க. கண்ணோட அகலம் தலையில எத்தன தடவ போகுது. மீன் ஆராய்ச்சி பண்றவங்க எனம் பிரிக்கிறதே இந்த கணக்க வெச்சு தான், வரையுறவங்களுக்கும் இதே கணக்கு தான் கை குடுக்கும். முதுகு துடுப்புல முள்ளு எத்தன, மெத்துன்னு இருக்குற கதிர் எத்தனன்னு எண்ணி அதே எண்ணிக்கைய படத்துலயும் போடுங்க, சும்மா கோடு கோடா இழுக்காதீங்க. செவுள் மூடிக்கு பின்னாடி ஆரம்பிச்சு வால் வரைக்கும் ஒரு மெல்லிசான கோடு ஓடும் பாருங்க, அது தண்ணி அசையுறத மீன் உணர்ற உறுப்பு, அத விட்டுட்டீங்கன்னா தெரிஞ்சவங்க ஒடனே கண்டுபிடிச்சுருவாங்க. தல இடது பக்கம் இருக்குற மாதிரி வரைங்க, மீன் நூல்கள்ல பெரும்பாலும் அது தான் வழக்கம். கீழ ஒரு சின்ன கோடு போட்டு "5 செ.மீ."ன்னு எழுதிடுங்க.

இப்படி ஒரு பத்து மீன் வரைஞ்ச பிறகு தான் அடுத்ததுக்கு போகணும். பத்துன்னு சொன்னா அலுப்பா இருக்கும், ஆனா நாலாவது மீனுக்கே உங்க கண்ணு மாறிடும்.

தண்ணி என்ன நெறம்

என் அப்பத்தா கடல்ல முங்கி கடல்பாசி எடுக்க போனவங்க. நான் மொத மொத வரைஞ்ச கடல் படத்த ஆசையா அவங்ககிட்ட காட்டுனேன், நல்லா அடர் நீலம் அடிச்சு பளபளன்னு வெச்சிருந்தேன். பாத்துட்டு "ஏத்தா, இது எந்த ஊரு கடலு?"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல, நெசமாவே அவங்களுக்கு தெரியல. நான் வரைஞ்சது போஸ்டர்ல பாத்த மாலத்தீவு கடல். எங்க வீட்டு வாசல்ல இருக்குற பாக் நீரிணை கடல் பாதி நாள் பச்ச, காத்து அடிச்சா கலங்கி சேறு நிறம். பொறந்ததுல இருந்து பாக்குற கடலோட நிறத்த நான் பாக்கவே இல்லன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுச்சு.

கடலோட நிறத்துக்கு ஆராய்ச்சில ஒரு பழைய அளவுகோல் இருக்கு, ஃபோரல் ஊலே அளவுகோல்னு பேரு, 19ஆம் நூற்றாண்டு கடைசில வந்தது. நல்ல நீலத்துல ஆரம்பிச்சு பச்ச வழியா போயி பழுப்புல முடியுற மாதிரி 21 நிறம். தெளிஞ்ச ஆழ்கடல் நீலம், நுண்பாசி நெறைய இருந்தா பச்ச, மண்ணும் மக்குன எலையும் கலந்து வந்தா பழுப்பு. இத நீங்களே வீட்டுல செய்யலாம். நீளமா ஒரு பேப்பர் பட்டை வெட்டி பத்து கட்டம் போடுங்க, மொத கட்டத்துல அல்ட்ராமரின், அடுத்தடுத்த கட்டத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா எலுமிச்ச மஞ்சள கூட்டிட்டே போங்க, ஏழாவது கட்டத்துக்கு மேல பர்ன்ட் சியன்னா சேருங்க. காஞ்சதும் நம்பர் போட்டு மேல செல்லோடேப் ஒட்டிடுங்க.

இப்ப ஒரு வெள்ள தட்டு, கொஞ்சம் கனமா, கயித்துல கட்டி பாலத்துல இருந்தோ படகுல இருந்தோ எறக்குங்க. 1865ல செக்கின்னு ஒரு இத்தாலிக்காரர் செஞ்ச முறை, இன்னைக்கும் நாங்க செய்யுறோம். தட்டு எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதோ அதுல சரியா பாதி ஆழத்துக்கு தட்ட மேல இழுத்து, தட்டு மேல தெரியுற தண்ணி நிறத்த உங்க பட்டையோட ஒப்பிட்டு நம்பர எழுதுங்க. ஒரே எடத்துல வாரத்துக்கு ஒரு தடவ இத செஞ்சு அந்த நிறத்த ஒரு கட்டமா நோட்டுல பூசிட்டே வாங்க. நான் ஒரு வருஷம் செஞ்சேன், 52 கட்டம். தென்கடல்னு நாங்க சொல்ற மன்னார் வளைகுடா பக்கமும் வடகடல்னு சொல்ற பாக் பக்கமும் காத்து மாற மாற எப்படி மாறி மாறி கலங்குதுன்னு அந்த ஒரு பக்கத்த பாத்தாலே புரியும், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நான் மொதல்ல காட்டுறது அந்த பக்கத்த தான்.

தண்ணிக்கு அடியில வரையுறவங்களுக்கு இன்னொண்ணு. தண்ணி மொதல்ல சிவப்ப தான் குடிக்கும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்ச, கடைசி வரைக்கும் நிக்குறது நீலம். பத்து மீட்டர் ஆழத்துல கையில கீறி ரத்தம் வந்தா பச்சக் கருப்பா தெரியும். இன்டர்நெட்ல பாக்குற ரத்த சிவப்பு பவளம் எல்லாம் ஃபிளாஷ் அடிச்சு எடுத்தது. ரெண்டுமே உண்ம தான், ஆனா எத வரையுறீங்கன்னு முடிவு பண்ணி மூலையில எழுதுங்க, லைட் போட்டு பாத்ததா, போடாம பாத்ததான்னு.

பவளம் வரையும்போது

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடுறேன். வரைஞ்சு பாக்க ஒரு துண்டு எடுத்துட்டு வந்தேன்னு யாரும் வந்து நிக்காதீங்க. கடல் பவளம் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல 2001ல இருந்து முதல் அட்டவணையில இருக்கு, அதாவது புலிக்கு என்ன சட்டமோ அது தான். கரையில ஒதுங்கின செத்த துண்டா இருந்தாலும் அங்கயே உக்காந்து வரைஞ்சுட்டு அங்கயே விட்டுட்டு வாங்க. கடல் அட்டை, கடல் குதிரையும் அப்படி தான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986ல அறிவிச்சது, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்குற 21 தீவு அதுல வருது, வனத்துறை அனுமதி இல்லாம தீவுல எறங்கக்கூடாது.

பாலிப் வரையும்போது கை எத்தனன்னு எண்ணுங்க. பாறை கட்டுற கல் பவளத்துக்கு கை ஆறோட மடங்குல இருக்கும், ஆறு, பன்னெண்டு, இருவத்துநாலு. மெத்துன்னு ஆடுற மென் பவளத்துக்கு எட்டு, அதுவும் ரெண்டு பக்கமும் சீப்பு மாதிரி பல்லு இருக்கும். கல் பவளத்துக்கு எட்டு கை போட்டு நெறைய பேரு வரைஞ்சு வெச்சிருக்காங்க, பாட புத்தக சைஸ் போஸ்டர்ல கூட பாத்திருக்கேன்.

ஹெக்கல்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி, 1881 கடைசில இலங்கைக்கு வந்து வெலிகமவுல தங்கி கடல் உயிரி சேகரிச்சவரு, வாட்டர்கலரும் போட்டவரு. அவரு வரைஞ்ச ஜெல்லி மீனையும் ரேடியோலேரியன்ங்கற கண்ணுக்கு தெரியாத குட்டி கடல் உயிரையும் பாத்து தான் எனக்கே இந்த ஆச வந்துச்சு. ஆனா அவரு எல்லாத்தையும் அச்சு அசலா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சீரா வரைவாரு, கடல்ல எதுவும் அவ்வளவு சீரா இருக்காது, மீன் கடிச்ச எடம், ஒடஞ்ச கெளை, ஒரு பக்கம் மட்டும் பாசி பிடிச்சது எல்லாம் இருக்கும். அவர பாத்து காப்பி அடிச்சு பழகுங்க, அப்புறம் அந்த சீர விட்டுருங்க. ஒடஞ்சத ஒடஞ்ச மாதிரியே வரைங்க, எங்களுக்கு அது தான் தகவல்.

அடுத்து வெளுப்பு. இத பொறுமையா படிங்க, ஏன்னா எனக்கு தெரிஞ்சு பாதி பேரு இங்க தப்பு பண்றாங்க. கடல் தண்ணி வழக்கமான கோடைச் சூட்ட விட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடிச்சுட்டா, பவளம் தனக்குள்ள இருக்குற பாசிய வெளிய தள்ளிடும். பாசி தான் அதுக்கு பெரும்பகுதி சாப்பாடு, நிறமும் அதோடது தான். அது போனதும் சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்குற சுண்ணாம்பு எலும்பு வெள்ளையா தெரியும். எங்க பக்கம் 2010லயும் 2016லயும் பெருசா வந்துச்சு. அந்த வெள்ளப் பவளம் இன்னும் சாகல, பசியில இருக்கு, தண்ணி சீக்கிரம் குளுந்துச்சுன்னா பாசி திரும்ப வரும், பவளம் பொழைக்கும். செத்துப்போனது வெள்ளையா ரொம்ப நாள் இருக்காது, சில வாரத்துல மேல பாசி படர்ந்து அழுக்குப் பச்சையும் பழுப்புமா ஆகிடும். நாம என்ன பண்றோம், சாவுன்னு காட்டுறதுக்கு வெள்ளையா விட்டுடுறோம். தப்பு. வெளுத்தத வரையும்போது பேப்பரோட வெள்ளைய விட்டு நுனியில மட்டும் ரொம்ப லேசா ஊதாவோ பச்சையோ தொடுங்க, சதை இருக்குன்னு தெரியணும், பாலிப்போட கை வெளிய நீட்டியிருந்தா அதையும் போடுங்க. செத்தத வரையும்போது பர்ன்ட் சியன்னாவும் பச்சையும் போட்டு நூல் நூலா படர விடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு படம் போட்டேன், அத பாத்துட்டு ஒரு பையன் "அப்ப வெள்ளையா இருக்கும்போதே எதாச்சும் பண்ணணுமா"ன்னு கேட்டான். அந்த படத்துக்கு நான் ஒரு வரி கூட எழுதல.

ஞாபகத்த வரையுறது

மனசுக்கு நெருக்கமான எடம் இது, கஷ்டமானதும் இது தான்.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பத்தா கூட வள்ளத்துல போயிருக்கேன். அவங்க வெரல்ல எல்லாம் துணி சுத்தி, கால்ல அலுமினியத் தட்ட ரப்பர் வெச்சு கட்டி, கண்ணுல கண்ணாடி, இடுப்புல பை, தொபுக்குன்னு உள்ள போயிருவாங்க. நான் வள்ளத்துல கஞ்சி தூக்குவாளிய பிடிச்சுட்டு அவங்க மேல வர்ற வரைக்கும் மூச்ச பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன். பையில மரிக்கொழுந்து பாசி வரும், கட்டக்கோரைன்னு இன்னொரு பாசி வரும். இத வரையணும்னு பல வருஷம் உக்காந்தேன், ஒவ்வொரு தடவையும் கேலண்டர் படம் மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒரு முறை கண்டுபிடிச்சேன், அத சொல்லித்தர்றேன்.

வரையுறதுக்கு முன்னாடி எழுதுங்க. ஒரு தாள்ல மூணு பத்தி பிரிச்சு, கண்டிப்பா தெரிஞ்சது, இருந்திருக்கும்னு தோணுறது, சுத்தமா தெரியாதது. எனக்கு கண்டிப்பா தெரிஞ்சது என்னன்னா அந்த தட்டு காலோட சத்தம், தூக்குவாளி மூடியில இருந்த நசுங்கல், அப்பத்தா மேல வந்ததும் விடுற அந்த ஊய்னு மூச்சு, துணி சுத்துன வெரல். இருந்திருக்கும்னு தோணுறது அவங்க சேலையோட நிறம். சுத்தமா தெரியாதது தண்ணிக்கு கீழ என்ன இருந்துச்சுங்கறது.

இப்ப படத்துல கண்டிப்பா தெரிஞ்சத 2பி பென்சில்ல அழுத்தி வரைஞ்சு முழுசா கலர் குடுங்க. தோணுறத லேசான கோட்டுல வரைஞ்சு ஒரே ஒரு மங்கல் பூச்சு. தெரியாதத வெறும் பேப்பரா விட்டுடுங்க, கற்பன பண்ணி ரொப்பாதீங்க. என் படத்துல தண்ணிக்கு மேல எல்லாம் இருக்கு, கீழ வெள்ளையா காலியா கெடக்கு. பாக்குறவங்க எல்லாரும் கை வைக்கிறது அந்த காலி எடத்துல தான்.

அப்பத்தாவுக்கு அந்த படத்த காட்டுனேன். காலி எடத்த பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்களா சொல்ல ஆரம்பிச்சாங்க, பாசி எடுக்க குனிஞ்சா கிளிமீன் கூட்டம் கால உரசிட்டு போகும், கல்லு இடுக்குல சிங்கி இறா மீச மட்டும் வெளிய ஆடும், கல்லு மேல கால் வெக்க எடம் இருக்காது அவ்வளவு அடர்த்தின்னு. நான் அதே எடத்துல சர்வே எடுத்திருக்கேன். கால் வெக்க எடம் தாராளமா இருக்கு. நான் மொத மொத டைவ் பண்ணப்ப அது தான் நார்மல்னு எழுதிட்டு வந்தேன், எனக்கு ஒப்பிட வேற எதுவும் இல்ல. டேனியல் பாலின்னு ஒரு மீன்வள விஞ்ஞானி 1995ல இத தான் எழுதுனாரு, ஒவ்வொரு தலமுறையும் தான் மொதல்ல பாத்த கடல தான் முழுக் கடல்னு நெனச்சுக்குது, அதுக்கு முன்னாடி போனது கணக்குலயே வராதுன்னு. அப்பத்தா சொன்னத தனியா இன்னொரு தாள்ல வரைஞ்சேன், மூலையில "கேட்டது"ன்னு போட்டு அவங்க பாசி எடுத்த வருஷங்களையும் எழுதுனேன். முதல் படத்தோட காலி எடத்துக்கு கீழ அத சேத்து வெச்சா சரியா பொருந்தும். ரெண்டையும் நான் ஒட்டல, தனித்தனியா தான் வெச்சிருக்கேன், ஏன்னா ஒண்ணு என்னோட ஞாபகம், இன்னொண்ணு அவங்களோடது.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்க. கடலோரம் இல்லன்னா ஆறு, கம்மா, உப்பளம் எதுவா இருந்தாலும் சரி. வெறும் கைய வீசிட்டு போயி "அந்த காலத்துல எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க. பாதி வரைஞ்ச படத்த கொண்டு போங்க. தப்பா வரைஞ்சத பாத்தா அவங்களால சும்மா இருக்க முடியாது, அப்பப் பேச ஆரம்பிப்பாங்க. பேசும்போதே மீன் பேரு, காத்து பேரு எல்லாம் அவங்க சொல்ற மாதிரியே எழுதிக்கோங்க, வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னு விட்டா நம்ம வார்த்தையில மாறிடும்.

காட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ சரி பாக்கணும்

தெரிஞ்ச ரெண்டு பேருகிட்ட காட்டுங்க, ஒருத்தர் படிச்சவரு, ஒருத்தர் கடலுக்கு போறவரு. என்னோட சங்கு படத்த ஒரு சங்கு குளிக்கிற தாத்தாகிட்ட காட்டுனேன், அவரு "ஏம்மா, இது வலம்புரியா, எங்க எடுத்தீக"ன்னு கேட்டாரு. நான் பாத்து வரைஞ்ச போட்டோ இடது வலது திரும்பி இருந்திருக்கு, எனக்கு தெரியல. சாதாரண சங்க கூம்பு மேல இருக்குற மாதிரி, வாய் நம்ம பக்கம் பாக்குற மாதிரி பிடிச்சா வாய் வலது கை பக்கம் வரும். வலம்புரிக்கு இடது கை பக்கம் வரும், அது ரொம்ப ரொம்ப அபூர்வம். செல்ஃபி கேமராவுல எடுத்த படம், டிரேஸ் எடுத்து திருப்பி போட்ட படம் எல்லாம் இப்படி மாத்திடும்.

கடல் பசுவுக்கு வால பாருங்க. நம்ம ஆவுளியாவுக்கு டால்பின் மாதிரி ரெண்டா பிரிஞ்ச வால். இன்டர்நெட்ல தேடுனா வட்டமா தோச திருப்பி மாதிரி வால் இருக்குற மேனட்டி படம் கலந்து வரும், அது இங்க இல்லாத பிராணி. பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர்ல கடல் பசுவுக்குன்னே 2022ல காப்பகம் அறிவிச்சிருக்காங்க, அதுக்கு விழிப்புணர்வு படம் போடுறோம்னு மேனட்டிய வரைஞ்சு வெச்சா மனசு கஷ்டமா இருக்கும்ல.

ஒரு படத்துக்கு ஒரு விஷயம்

ஆரம்பத்துல நான் ஒரே படத்துல பவளம், பிளாஸ்டிக், ஆமை, மீன்பிடி தடைன்னு எல்லாத்தையும் திணிப்பேன், யாருக்கும் எதுவும் நிக்காது. இப்ப ஒரு படம் ஒரு விஷயம். கடல் குதிரையில அப்பா தான் குட்டிய சுமக்கும், அவ்வளவு தான் அந்த படம். கீழ ஒரே வரி, பேச்சுத் தமிழ்ல. அப்புறம் எங்க காட்டணும்னா ஏசி ஹால்ல வேண்டாம். ஏலக்கூடத்துல, டீக்கடையில, வல கிழிசல் பாக்குற கொட்டகையில ஒரு கயிறு கட்டி கிளிப் போட்டு தொங்க விடுங்க. பக்கத்துல வெறும் பேப்பரும் பென்சிலும் வைங்க. எனக்கு திரும்ப கெடைக்கிற படங்கள் தான் பெரிய சம்பாத்தியம், ஒரு தடவ ஒரு அண்ணன் அவரு எப்பவோ வலையில பாத்த ஒரு திருக்கைய புள்ளிய கூட எண்ணி வரைஞ்சு குடுத்தாரு.

பத்திரமா வைக்கிறது

கடல்காத்துல பேப்பர் பூஞ்ச பிடிக்கும். நல்லா காஞ்ச பிறகு நடுவுல வெள்ளத்தாள் வெச்சு, காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. செவுத்துல மாட்டுறதா இருந்தா நேர் வெயில் படாத எடம். போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், காலையில ஜன்னல் ஓரத்துல வெச்சு எடுங்க, மூலையில எழுதுன தேதி, இடம், அந்த ஒரு வார்த்தை இத மட்டும் கிராப் பண்ணிடாதீங்க.

ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் இருக்குறவங்களுக்கு ஒரு குறிப்பு. விசைப்படகு திங்கள், புதன், சனி போயிட்டு மறுநாள் காலையில கரைக்கு வரும், அதனால செவ்வா, வியாழன், ஞாயிறு காலையில போனா வகை வகையா மீன் கெடைக்கும், ஞாயித்துக்கெழம கூட்டம் தாங்காது, உக்காந்து வரைய எடம் இருக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்ப நாட்டுப்படகு மீன் மட்டும் தான், ஆனா வரையுறதுக்கு எனக்கு பிடிச்சது அந்த ரெண்டு மாசம் தான், அம்புட்டு மீனும் நசுங்காம முழுசா வரும், கடைக்கார அக்காங்களுக்கும் பேச நேரம் இருக்கும். ஒரு செவ்வாக்கெழமையா பாத்து போங்க, தண்ணி பாட்டில மறந்துறாதீங்க.